ஹேண்ட்மெய்ட்ஸ் டேலா, லைலாவா: எதை முதலில் பார்ப்பது?

ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் என் ஓட்டு 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' முதல் சீசனுக்குத்தான். 2017-இல் வந்த அமெரிக்கத் தொடர். அமெரிக்கா இருந்த இடத்தில் கிலியட் என்ற மத ஆட்சி. பிள்ளைப்பேறு அரிதாகிப்போனதால், கருத்தரிக்கக்கூடிய பெண்களைப் பிடித்து அதிகாரிகளுக்குப் பிள்ளை பெற்றுத்தர வைக்கிறார்கள். வன்முறைக் காட்சிகளைவிட என்னை உலுக்கியது, பெண்களின் வங்கிக் கணக்கை முடக்கி, வேலையிலிருந்தும் ஒட்டுமொத்தமாக அனுப்பிவிடும் பகுதிதான், ஏனென்றால் இந்தப் பெண்களுக்குச் சிவப்பு உடை மாட்டுவதற்கு வெகுமுன்பே பாதி அடிமைத்தனம் அங்கேயே முடிந்துவிடுகிறது. அப்புறம் செரினா, கதாநாயகி ஜூன் அடைபட்டிருக்கும் வீட்டு அதிகாரியின் மனைவி. இந்த ஆட்சி வருவதற்காகப் புத்தகம் எழுதிப் பிரசாரம் செய்தவள், இப்போது அவளே எதையும் படிக்கக்கூடாது! ஜூனாக நடிக்கும் எலிசபெத் மாஸ் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

'லைலா' 2019-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த இந்தித் தொடர், 6 எபிசோடுதான். ஆர்யவர்த்தா என்ற வருங்கால நாடு, சமூகங்களைப் பிரிக்கும் சுவர்கள், தண்ணீர்ப் பஞ்சம். முஸ்லிமை மணந்த ஷாலினியிடமிருந்து மகளைப் பறித்துவிடுகிறார்கள். ஹூமா குரேஷி உயிரைக் கொடுத்து நடித்திருக்கிறார், ஆனால் கதை அவசரமாக ஓடி அந்தரத்தில் நிற்கிறது, இரண்டாவது சீசனும் வரவில்லை. ஆனாலும் நமக்கு நெருக்கமானது இதுதான்: 'தூய ரத்தம்' என்று யாராவது பேசினால் நமக்கு விளக்கவுரையே வேண்டாம்.

ஹேண்ட்மெய்ட்ஸ் 6 சீசன் ஓடி 2025-இல் முடிந்தது. நடுவில் ஜூன் தப்பிக்கப் பார்ப்பதும் மாட்டுவதுமாக ரொம்ப இழுக்கிறார்கள், அங்கே சலித்தால் நிறுத்திவிட்டு லைலாவுக்கு வாருங்கள்.