எஸ்டிஎக்ஸ், சவுண்ட் பிளாஸ்டர் இசட், ஜி6: பத்து வருஷமா காதுல மாட்டிப் பாத்தது

தலைப்புல இருக்கற மூணும் பிசில நல்ல சவுண்டுக்காக மாட்டற சவுண்ட் கார்டுங்க. முதல்லயே சொல்லிடறேன், நான் ஆடியோ எஞ்சினியர் எல்லாம் கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேல வீட்டுல எல்லாரும் தூங்கினப்புறம் ஹெட்போன் மாட்டிக்கிட்டு சிஎஸ் (கவுண்டர்-ஸ்ட்ரைக், துப்பாக்கிச் சண்டை கேம்) ஆடற ஆளு, அவ்ளோதான்.

ஆரம்பத்துல பிசில இருந்தது ஒரு பட்ஜெட் மதர்போர்டு, சவுண்டும் அதுல இருந்தே வரும். மவுஸ் ஸ்க்ரோல் பண்ணா காதுக்குள்ள கிர்ர்னு ஒரு சத்தம் கூடவே வரும், மேட்ச் ஆரம்பிச்சு கிராபிக்ஸ் கார்டு மூச்சுவாங்க ஆரம்பிச்சா அதுவே ஊஊனு இழுக்கும். இதுக்கு நடுவுல 250 ஓம் டிடி 990 ப்ரோ ஹெட்போன் வேற (ஓம் ஏற ஏற தள்ள அதிக வோல்டேஜ் வேணும்) ஆசைப்பட்டு வாங்கிட்டேன், வால்யூம் 100 வெச்சாலும் பக்கத்து ரூம்ல யாரோ பாட்டு கேக்கற மாதிரிதான் இருந்துச்சு. சரின்னு ரிச்சி ஸ்ட்ரீட்ல அலைஞ்சு செகண்ட் ஹேண்ட்ல ஆசுஸ் ஸோனார் எஸ்ஸென்ஸ் எஸ்டிஎக்ஸ் தூக்கிட்டு வந்தேன். 2009ல வந்த கார்டு, ஆனா 600 ஓம் ஹெட்போன் வரைக்கும் தள்ளும், ஸ்லாட் பவர் பத்தாதுன்னு பவர் சப்ளைல இருந்து வர்ற மோலெக்ஸ் கனெக்டர் ஒண்ணு தனியா சொருகணும். ஹெட்போன்ல இருந்து ஸ்பீக்கருக்கு மாத்தினா உள்ள இருக்கற ரிலே ஸ்விட்ச் 'டிக்'னு அடிக்கும், எனக்கு அந்தச் சத்தம் ரொம்பப் புடிக்கும். புடிக்காதது, பெரிய ஹெட்போன் ஜாக் கேபினெட்டுக்குப் பின்னாடி இருக்கறது. ஒவ்வொரு தடவையும் டேபிளுக்கு அடியில குனிஞ்சு டார்ச் அடிக்கணும்.

சவுண்டு சுத்தமா இருந்துச்சு, கிர்ர் போச்சு. ஆனா ஒரு வருஷம் கழிச்சுதான் ஒரு விஷயம் புரிஞ்சுது. பழைய போர்டை தம்பிக்குக் குடுத்தேன், அவன் பின்னாடி இருக்கற பச்சை ஜாக்ல சொருகிக் கேட்டா கிர்ர்ல முக்கால்வாசி இல்லவே இல்ல! நான் இத்தனை நாளா சொருகினது கேபினெட் முன்பக்க ஜாக்ல. அதோட வயர் கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில போயி போர்டு மூலைக்கு வருது, வழியில இருக்கற இரைச்சலை எல்லாம் வாரிக்கிட்டு வந்திருக்கு. அதனால கார்டு வாங்கறதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு பின்னாடி சொருகிப் பாத்துடுங்க, காசா பணமா.

இன்னொண்ணு, ஸ்பீக்கர்ல வர்ற ம்ம்ம்னு ஹம். எஸ்டிஎக்ஸ் போட்டும் அது போகல. வாடகை வீடு, பிளக்ல எர்த் பின் ஓட்டை மட்டும் இருக்கு, உள்ள எர்த்தே இல்ல, வெறுங்கால்ல கேபினெட்டைத் தொட்டா சுர்ருன்னு இருக்கும். எலக்ட்ரீஷியன் எர்த் இழுத்த அன்னிக்கே ஹம் நின்னுச்சு. இதை எந்த சவுண்ட் கார்டும் சரி பண்ணாது.

அப்புறம் ஃப்ரெண்டுகிட்ட இருந்த சவுண்ட் பிளாஸ்டர் இசட்டை ரெண்டு மாசம் வாங்கி வெச்சு மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தேன். பாட்டுக்கு எஸ்டிஎக்ஸ்தான், ஆனா கண்ணைக் கட்டிட்டுக் கேட்டா கண்டுபுடிப்பேனான்னு சத்தியம் பண்ண மாட்டேன். கேமுக்கு இசட்ல ஸ்கவுட் மோடுன்னு ஒண்ணு இருக்கு, காலடிச் சத்தத்தைத் தூக்கிக் குடுக்கும். கூடவே வெடிச்சத்தமும் காதைப் பொளக்கும், ஒரு வாரத்துல அணைச்சுட்டேன்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்துல கதை வேற. அப்பல்லாம் ஈஏஎக்ஸ்னு எதிரொலி கணக்கையே கார்டுதான் போடும், பேட்டில்ஃபீல்ட் 2 கேம்ல கிரியேட்டிவோட எக்ஸ்-ஃபை சவுண்ட் கார்டுக்குன்னே தனி செட்டிங் இருந்துச்சு. விண்டோஸ் விஸ்டா வந்ததும், கேம் சத்தத்தைக் கார்டுக்கு அனுப்பற டைரக்ட்சவுண்டுக்கு கார்டு மேல இருந்த நேர்வழியை எடுத்துட்டாங்க, அதுக்கப்புறம் எல்லாம் கேமே பிராசசர்ல போட்டுக்குது. இப்ப கார்டுன்னா நல்ல டேக்கும் (டிஜிட்டலைச் சத்தமா மாத்தற சிப்) ஹெட்போனைத் தள்ள ஒரு ஆம்பும், மேல கொஞ்சம் சாஃப்ட்வேர், அவ்ளோதான்.

எதிரி எந்தப் பக்கம்னு சொல்றதும் இப்ப கேம்தான். சிஎஸ்ஸோட சிஎஸ்கோ வெர்ஷன்ல 2017லயே எச்ஆர்டிஎஃப் (சாதா ஹெட்போன்லயே சத்தம் எந்தத் திசைன்னு உணர வைக்கற கணக்கு) வந்துடுச்சு, வேலரண்ட் கேம்ல 2021ல. இது தெரியாம நான் கார்டோட வர்ச்சுவல் 7.1ஐயும் (சுத்தி ஸ்பீக்கர் இருக்கற மாதிரி காட்டற செட்டிங்) சேத்து ஆன்ல வெச்சு ரொம்ப நாள் ஆடினேன். சிஎஸ்ல மிராஜ் மேப்போட அபார்ட்மெண்ட்ல ஓடறவன் குடத்துக்குள்ள ஓடற மாதிரி கேக்கும், திரும்பறதுக்குள்ள செத்துருப்பேன். ரெண்டுல ஒண்ணை அணைக்கணும், நான் அணைச்சது கார்டோடதை.

எஸ்டிஎக்ஸை நான் கழட்டினதுக்குக் காரணம் சவுண்டே இல்ல. புது கிராபிக்ஸ் கார்டு மூணு ஸ்லாட் தடிமன், கீழ இருந்த குட்டி பிசிஐஇ ஸ்லாட்டை அப்படியே மூடிடுச்சு. வேற வழியில்லாம யூஎஸ்பில சொருகற சவுண்ட் பிளாஸ்டர் ஜி6 வாங்கினேன், வாங்கினப்புறம்தான் இதை முன்னாடியே செஞ்சிருக்கலாமேன்னு தோணுச்சு. டேபிள் மேலயே வால்யூம் குமிழ், சைடுல ஹெட்போனுக்குப் போற சிக்னலை ஏத்தற கெய்ன் ஸ்விட்ச், ஹைல போட்டா டிடி 990 தாராளமா ஓடுது, குனியற வேலையே இல்ல. சாதாரண 32 ஓம் ஹெட்செட் வெச்சிருக்கறவங்க, பின் ஜாக்ல இரைச்சல் இல்லன்னா இதுல எதுவும் வாங்காதீங்க, அந்தக் காசை நல்ல ஹெட்போன்ல போடுங்க.

எஸ்டிஎக்ஸ் இப்ப தம்பி பிசில. பன்னெண்டு மணிக்கு அவன் ரூம்ல இருந்து 'டிக்'னு கேட்டா ஸ்பீக்கருக்கு மாறிட்டான்னு அம்மா வரைக்கும் தெரியும்.