நாட்டுக்கோழிக்கு வைட்டமின் டானிக்: ஆறு வாரம் கொடுத்துப் பார்த்த பின்

எங்கள் வீட்டில் நான்கு நாட்டுக்கோழிகள் இருக்கின்றன. அவற்றுள் பிள்ளைகள் கறுப்பி என்று அழைக்கும் பெட்டைக்குப் புரட்டாசிக் கடைசியில் அம்மை கண்டது. கொண்டையிலும் அலகோரத்திலும் கண்ணிமையிலும் கொப்புளம் எழும்பிப் பொருக்குத் தட்டியது. ஒரு கண் முற்றாக மூடிக்கொண்டதால் தீனி எங்கே கிடக்கிறது என்பதே அதற்குத் தெரியவில்லை. கோழி அம்மை வைரஸால் வருவது, கொசுக்கடியால் பரவுவது. வந்த பிறகு அதைக் குணமாக்கும் மருந்து கிடையாது என்பதால், பொருக்கு உதிரும் வரை மூன்று நான்கு வாரம் பறவையின் உடம்பு தளர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வதே நம்மால் ஆகக்கூடியது. கால்நடை மருந்தகத்தில் இதைத்தான் சொல்லி, ஏ, டி3, இ, பி12 ஆகிய வைட்டமின்கள் சேர்ந்த நீர்ம டானிக்கை வாங்கிக் கொடுக்கச் சொன்னார்கள். 100 மி.லி. புட்டியில் வாங்கிய அந்த டானிக்கைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

முதலில் அதன் பெருங்குறையைச் சொல்லிவிடுகிறேன். புட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் அளவு முழுவதும் பண்ணைக் கணக்கிலேயே இருந்தது: 100 முட்டைக் கோழிகளுக்கு 10 மி.லி. அப்படியானால் ஒரு கோழிக்கு 0.1 மி.லி., அதாவது ஏறக்குறைய இரண்டே சொட்டு. நான்கு கோழி வைத்திருப்பவர் இந்தக் கணக்கைப் போடாமல் மூடியால் அளந்து ஊற்றினால் பல மடங்கு கூடிப்போகும். ஏ, டி, இ மூன்றும் கொழுப்பில் கரைபவை. மிஞ்சியது பி வைட்டமின்களைப் போல எளிதில் வெளியேறாமல் உடம்பிலேயே தங்கும் என்பதால், இதைச் சிறு பிழை என்று விட்டுவிட முடியாது. நான் ஊசியைக் கழற்றிவிட்டு 1 மி.லி. சிரிஞ்சால் அளந்தேன். நோயுற்ற கோழி வழக்கமான அளவு தண்ணீர் குடிக்காது என்பதால், பொதுத் தொட்டியில் கலக்காமல் அதற்கென்று தனிக் கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீரிலேயே அன்றைய அளவைக் கலந்து வைப்பது நல்லது. மீந்ததை மாலையில் கொட்டிவிட வேண்டும். வெயிலும் வெளிச்சமும் பட்டால் வைட்டமின்கள் வீரியம் இழந்துவிடும்.

முதல் இரண்டு நாள் கறுப்பி கிண்ணத்தின் பக்கமே திரும்பவில்லை. வாயில்தான் புகட்ட வேண்டியிருந்தது. புதிதாக வளர்ப்பவர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். கோழியின் மூச்சுக்குழல் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே திறந்திருப்பதால், அலகைப் பிளந்து தொண்டைக்குள் ஊற்றினால் நீர் நுரையீரலுக்குப் போய்விடும். அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக வைத்து, அது தானாக விழுங்கிய பிறகே அடுத்ததை வைக்க வேண்டும்.

டானிக்கால் பலன் கிடைத்ததா என்றால், கிடைத்தது என்றே சொல்வேன். ஆனால் அதற்கு மட்டும் அந்தப் பெருமையைக் கொடுக்க மாட்டேன். வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைப் பிசைந்து கம்புக் குருணையோடு உருட்டி ஊட்டினோம்; முருங்கைக்கீரையை நறுக்கி வைத்தோம்; கூண்டில் ஒரு பக்கம் மட்டும் வெப்பம் படும்படி குண்டு பல்பு மாட்டி, சுற்றிலும் கொசுவலை கட்டினோம். காலையில் எழுந்ததும் தீனிப்பையைத் தொட்டுப் பார்த்து, இரவு உண்டது செரித்து அது காலியாகியிருந்தால் மட்டுமே அடுத்த தீனி கொடுத்தோம். ஐந்தாம் நாள் கறுப்பி தானாகவே தீனியைக் கொத்தியது. கண் திறக்கப் பதினேழு நாள் ஆயிற்று. வைட்டமின் ஏ தோலும் கண்ணின் சவ்வும் நலமாக இருக்கத் தேவையானது என்பதால், இந்த நோய்க்கு இந்த டானிக் பொருந்திவரும் துணை என்பது என் கருத்து.

எல்லா நோய்க்கும் டானிக்கையே நம்புபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்தும் முறுக்கிக்கொண்டால் அது வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். அதைத் தடுப்பது தடுப்பூசிதான், எந்த வைட்டமினும் அல்ல. எச்சத்தில் இரத்தம் கண்டால் இரத்தக்கழிச்சலா என்று பரிசோதிக்க வேண்டும். அதற்குப் பெரும்பாலும் கொடுக்கப்படும் ஆம்ப்ரோலியம், நோய்க்கிருமிக்கு பி1 வைட்டமின் கிடைக்காமல் செய்தே அதை அடக்குகிறது. அதே நாட்களில் பி1 கலந்த டானிக்கையும் கொடுத்தால் மருந்தின் வேலையை நாமே கெடுத்தவர்களாவோம். ஆகவே புட்டியின் பெயரைப் பார்த்து வாங்காமல், உள்ளே என்னென்ன வைட்டமின் இருக்கிறது என்பதைப் படித்து வாங்குங்கள்.

நான்கு கோழிக்கு 100 மி.லி. மிக அதிகம். கறுப்பிக்கு ஒரு வாரம் கொடுத்து ஒரு வாரம் நிறுத்தி, ஆறு வாரத்தில் மூன்று முறை கொடுத்தும் புட்டியில் ஏறக்குறைய 2 மி.லி. மட்டுமே குறைந்தது. பக்கத்து வீடுகளில் கோழி வளர்ப்பவர்களோடு சேர்ந்து ஒரே புட்டியாக வாங்குவதே உகந்தது. நலமாக மேயும் மற்ற மூன்றுக்கும் நான் இதைக் கொடுக்கவில்லை. கொடுக்கத் தேவையும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆறாம் வார முடிவில் கறுப்பி மீண்டும் முட்டையிட்டது. ஆனால் ஓடு விரல் பட்டாலே நொறுங்கும் அளவுக்கு மெலிந்திருந்தது. டானிக்கில் டி3 இருந்தும் ஏன் இப்படி என்று யோசித்தபோதுதான், டி3 சுண்ணாம்புச் சத்தை உடம்பு ஏற்றுக்கொள்ள உதவுமே தவிர அந்தச் சத்தைத் தானே கொடுக்காது என்பது உறைத்தது. அன்றே ஒரு தனித் தட்டில் கிளிஞ்சல் தூளை வைத்தேன். கறுப்பிதான் முதலில் வந்து கொத்தியது.