கொசப்பேட்டையில் பழைய கொலு பொம்மைக்கு வண்ணம்: என் அனுபவம்

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் சென்னை வியாசர்பாடியில் எங்கள் வீட்டுக்குள் முட்டியளவு தண்ணீர். கட்டிலுக்கு அடியில் இருந்த கொலுப்பெட்டி இரண்டு நாள் ஊறிக் கிடந்தது. காகிதக்கூழ் பொம்மைகள் மறுபடி கூழாகவே போய்விட்டன. அம்மாவின் பண்ருட்டி பொம்மைகள் சுட்ட மண் என்பதால் தப்பின. ஆனால் வண்ணம் செதில் செதிலாக உரிந்து மீனாட்சிக்கும் செட்டியாருக்கும் முகமே இல்லை.

முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் முருகரை மட்டும் கொடுத்துப் பார்த்தேன். எனாமல் பெயின்டை ஸ்பிரேயில் அடித்து மறுநாளே கொடுத்துவிட்டார்கள். பளபளப்புக்குக் குறைவில்லை, பார்வைதான் இல்லை. விளக்கேற்றி எதிரில் உட்கார்ந்தால் மனசு நிற்கவில்லை.

அப்புறம்தான் கொசப்பேட்டைக்குப் போனேன். சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார் வாங்கப் போவோமே, அதே தெருக்கள். பெயர்ப் பலகை இல்லாத ஒரு வீட்டுத் திண்ணையில் அறுபது வயது அம்மா ஒருவர் வேலை செய்கிறார். பழைய வண்ணத்தை உப்புத்தாளால் தேய்த்து, விரிசல் அடைத்து, வெள்ளை பூசிக் காயவைத்து, உடம்பு, புடவை, நகை என்று வந்து கண்ணைக் கடைசியில்தான் வைக்கிறார்.

அந்தக் கண்ணுக்காகவே இதை எழுதுகிறேன். மீனாட்சிக்குக் கண் வைத்த அன்று நான் போயிருந்தேன். உள்ளே ஓடிய டிவியை நிறுத்தச் சொன்னார். கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டார். நாலைந்து முடி மட்டும் உள்ள பிரஷ். மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலிமையை ஒரே இழுப்பில் வரைந்தார். நான் ஏதோ கேட்க வாயெடுத்ததும், "கண்ணு வெக்கறப்போ பேசாதம்மா, அது நம்மளப் பாக்கப் போவுது" என்றார். அப்புறம் கருவிழி, ஒரே பொட்டு. எனக்குச் சிலிர்த்துவிட்டது.

கொலுப்படி ஓரறிவு உயிரில் தொடங்கி மனிதர், மகான்கள், தெய்வம் என்று ஏறுவதே நம் மனசும் கூட ஏறத்தான் என்று என் அம்மா சொல்வார். அழகுக்காக மட்டும் செய்த பொம்மையை ஷோகேஸில் வைக்கலாம், அதன் எதிரில் உட்கார்ந்து பாட வராது. இந்த அம்மா அதைத் தெரிந்து செய்கிறார். கீழ்ப்படியில் உட்காரப்போகிற செட்டியாருக்கும் அதே நிதானம்தான். அவருடைய தராசில் இருந்த கத்தரிக்காய்க்குக்கூடக் காம்பு வரைந்திருந்தார்.

14 பொம்மைகளுக்கு 2,600 ரூபாய் வாங்கினார். பத்து நாள் என்றது மூன்று வாரம் ஆனது, அதில் எனக்கு வருத்தமில்லை. சதுர்த்தி நெருங்கினால் பழைய பொம்மையைத் தொட மாட்டார், ஆனியிலேயே கொடுத்துவிடுங்கள். சுற்றித் தர செய்தித்தாள் மட்டும்தான் இருக்கும். ஆட்டோ குலுங்கியதில் வாமனரின் குடை உடைந்துவிட்டது. பழைய வேட்டியும் அட்டைப்பெட்டியும் கையோடு கொண்டுபோங்கள்.

முருகரையும் இப்போது அவரிடமே கொடுத்திருக்கிறேன். அந்த ஸ்பிரே பெயின்டைச் சுரண்டவே ஒரு நாள் ஆகும் என்கிறார்.