ஏஜென்ட் எழுதித் தரும் "மொத்தப் பயண நேரம்": நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள்

தொலைதூர விமானப் பயணத்துக்கு ஏஜென்ட் மூலமாக டிக்கெட் எடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு எடுங்கள். எனக்கு விற்றவர்கள் கொடுத்த தாளில் "மொத்தப் பயண நேரம்" என்று ஒரு கணக்கு இருந்தது. அது விமான நிறுவனத்தின் கால அட்டவணையில் இருந்து வந்ததே இல்லை. விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்துப் போட்டது என்று பின்னால் அவர்களே சொன்னார்கள்.

அந்தத் தூரம் உருண்டையான பூமியின் மேல் இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழி. அப்படியே எந்த விமானமும் பறப்பதில்லை. சிங்கப்பூரில் இருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்கு ஏறக்குறைய 15,300 கிலோமீட்டர். மணிக்கு 900 என்று வகுத்தால் 17 மணி நேரம் வரும். அட்டவணையிலோ 18 மணி நேரத்துக்கும் மேல். விமானம் வாயிலை விட்டு நகர்வதில் தொடங்கி, இறங்கி இன்னொரு வாயிலில் நிற்கும் வரை அட்டவணையில் சேரும். காற்றும் இருக்கிறது. லண்டன், நியூயார்க் இடையே போக வர ஒரே தூரம்தான், ஆனால் மேற்கே போகும்போது, உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக வீசும் ஜெட் காற்றோட்டம் எதிர்த்து வருவதால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடுதலாகும். 2022இல் ஐரோப்பிய விமான நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும், சுற்றிப் போக வேண்டியிருந்ததால் ஒன்பது மணி நேரச் சொச்சமாக இருந்த ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் 13 மணி நேரத்துக்குப் போய்விட்டது. இரண்டு நிலையங்களுக்கு இடையிலான தூரம் ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை!

நேரம் தவறியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு அவர்கள் கொடுத்தது இரண்டு தனித்தனி டிக்கெட். ஒரே பயணம் போல ஒரே தாளில் அச்சடித்து, "கனெக்டிங் ஃபிளைட்" என்று சொல்லித்தான் விற்றார்கள். முதல் விமானம் தாமதமானது. நடுவழி நிலையத்தில் இமிக்ரேஷன் முடித்து, லக்கேஜை எடுத்து, மறுபடி செக்-இன் செய்யப் போனால் கவுன்டர் மூடிவிட்டார்கள். ஒரே முன்பதிவாக இருந்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனி டிக்கெட் என்பதால் நான் வரவே இல்லை என்று பதிந்து, டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார்கள். அந்த நாட்டுக்குள் நுழைய விசா தேவைப்பட்டு, அது கையில் இல்லாதவராக இருந்தால் லக்கேஜை எடுக்கக்கூட வெளியே போக முடியாது. வயதான அப்பா அம்மாவைத் தனியாக அனுப்புகிறவர்கள் இதை நினைத்துப் பாருங்கள். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. ஏஜென்டுக்கு போன் செய்தால், "அது ஏர்லைன்ஸ் பொறுப்பு சார்" என்று வைத்துவிட்டார்கள். அப்புறம் எடுக்கவே இல்லை.

பணம் கட்டுவதற்கு முன் பிஎன்ஆர் எண் (முன்பதிவு எண்) ஒன்றா, இரண்டா என்று கேளுங்கள். ஒன்று என்றால், பதிவானதும் விமான நிறுவனத்தின் தளத்தில் அதைப் போட்டுப் பாருங்கள். எல்லா விமானங்களும் அதிலேயே தெரிய வேண்டும். லக்கேஜ் கடைசி ஊர் வரை போகுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர் நேரத்தில் இருக்கும், நேர மண்டல வித்தியாசத்தைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் உண்மையான பயண நேரம் தெரிந்துவிடும். "டைரக்ட்" என்றால் நடுவில் எங்கும் நிற்காது என்று அர்த்தமில்லை. "நான்-ஸ்டாப்" தானா என்று தனியாகக் கேளுங்கள்.

அவர்கள் கொடுத்த தாளை வைத்து, கார்டு கொடுத்த வங்கியில் புகார் செய்திருக்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் தாள், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழித்துவிடாதீர்கள், வங்கி முதலில் கேட்டது அவற்றைத்தான்.