கோவேக்ஸா, சொந்த ஆலையா?

ஏழை நாடுகளுக்குக் கொரோனா தடுப்பூசி கிடைக்க இரண்டு வழிகள் பேசப்பட்டன. எல்லா நாடுகளும் சேர்ந்து வாங்கிப் பங்கு போடும் கோவேக்ஸ் திட்டம் ஒன்று, அந்தந்தக் கண்டத்திலேயே தயாரிப்பது இன்னொன்று. ஆப்பிரிக்கா இரண்டையும் பார்த்துவிட்டது.

வேகத்தில் கோவேக்ஸ்தான் முன்னால். 2021 பிப்ரவரி 24 அன்று கானாவின் அக்ராவில் 6 லட்சம் டோஸ் வந்து இறங்கியது. புதிதாக ஆலை கட்டப் போயிருந்தால் அந்தத் தேதிக்குள் அஸ்திவாரம் முடிந்திருந்தாலே பெரிய விஷயம். ஆனால் அந்தப் பெட்டிகள் புனேயிலிருந்து வந்தவை. கோவேக்ஸ் பெரிதும் நம்பியிருந்தது அங்குள்ள தடுப்பூசி நிறுவனமான சீரம் இன்ஸ்டிடியூட்டைத்தான். அடுத்த மாதமே இந்தியாவில் தொற்று எகிற, ஏற்றுமதி நின்றது. தனக்கு மிஞ்சித்தான் தானம். ஆக்சிஜனுக்கே அலைந்த நாட்டைக் குறை சொல்லவும் முடியாது. 2021க்குள் 200 கோடி டோஸ் என்பது இலக்கு. அதில் பாதியைத் தொடவே 2022 ஜனவரி ஆகிவிட்டது.

சரி, சொந்த ஆலை? முன்பு போர்ட் எலிசபெத் என்றிருந்த தென்னாப்பிரிக்க நகரில் ஆஸ்பென் நிறுவனத்தின் ஆலை இருக்கிறது. ஜான்சன் அண்ட் ஜான்சன் தடுப்பூசிக்கான மருந்து வெளியிலிருந்து வந்தது. இங்கே குப்பியில் நிரப்பி, மூடி, லேபிள் ஒட்டினார்கள். ஆலைதான் ஆப்பிரிக்காவில், சரக்கு யாருக்கு என்ற முடிவு ஜான்சன் அண்ட் ஜான்சன் கையில். அதனால்தான் 2021ல் இங்கே நிரப்பிய குப்பிகள் ஐரோப்பாவுக்குப் போயின. எதிர்ப்பு கிளம்பிய பிறகே அது நின்றது.

2022 மார்ச்சில் அதே தடுப்பூசியை ஆஸ்பெனோவாக்ஸ் என்று சொந்தப் பெயரில் விற்க ஆஸ்பெனுக்கு உரிமம் கிடைத்தது. ஒரு ஆர்டர்கூட வரவில்லை! அதற்குள் பணக்கார நாடுகளில் மிஞ்சிய டோஸ்கள் கோவேக்ஸ் வழியாக இலவசமாக வந்து குவிந்திருந்தன. முதல் வழியே இரண்டாவதன் சந்தையை அடைத்துவிட்டது. உள்ளூர் உற்பத்தி வேண்டும் என்று மேடைதோறும் பேசியவர்களும் வாங்க வரவில்லை.

என் ஓட்டு ஆலைக்குத்தான், ஆனால் வாங்க ஆள் இருந்தால் மட்டும். கட்டிமுடித்தும் சும்மா கிடந்த நம் செங்கல்பட்டு தடுப்பூசி வளாகத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி கிடைக்க உதவும் கவி (Gavi) அமைப்பும் இப்படித்தான் யோசித்திருக்கிறது. ஆப்பிரிக்கத் தடுப்பூசி ஆலைகளுக்காக 2024 ஜூனில் அது தொடங்கிய 120 கோடி டாலர் வரையிலான திட்டத்தில் கட்டடத்துக்குக் காசு கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் தரச் சான்று பெற்றால் ஒரு தொகை. தடுப்பூசி வாங்க யுனிசெஃப் விடும் டெண்டரை வென்று சரக்கைக் கொடுத்தால் டோஸ் கணக்கில் கூடுதல் தொகை.