ஏபிஎல்: உயிர்பறிக்கும் ரத்தக்கசிவை முன்னறிய எந்த எண்ணை நம்புவது?

தீவிர ரத்தப் புற்றுநோய்களில் ரத்தக்கசிவுக்குப் பேர்போனது ஏபிஎல் என்னும் புரோமைலோசைட்டிக் வகை. உயிர்பறிக்கும் கசிவு பெரும்பாலும் மூளையிலோ நுரையீரலிலோ, சிகிச்சையின் முதல் இரண்டு வாரங்களுக்குள் நடந்துவிடுகிறது. யாருக்கு ஆபத்து அதிகம் என்று கணிக்க வார்டில் நான்கு அளவுகோல்கள் புழங்குகின்றன.

எல்லோரும் முதலில் பார்ப்பது பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கை. கணிப்புக்கு இதுதான் பலவீனமானது. பெரும்பாலும் ரத்தப் புற்றுநோயாளிகளிடம் நடந்த பிளாடோ ஆய்வில் (2010), எண்ணிக்கை (ஒரு மைக்ரோலிட்டருக்கு; கீழே வரும் அணு எண்ணிக்கைகளும் அப்படியே) 5,000 அல்லது அதற்குக் கீழ் இருந்த நாட்களில் 25 சதவீதத்தில் குறிப்பிடத்தக்க கசிவு இருந்தது. 6,000 முதல் 80,000 வரை எங்கே இருந்தாலும் அது ஏறக்குறைய 17 சதவீதம்தான். வெள்ளணு மிக அதிகமாக இருந்தால் இன்னொரு தொல்லை: உடைந்த புற்றணுத் துணுக்குகளையும் மெஷின் பிளேட்லெட்டாக எண்ணிவிடும். ஸ்மியரை, அதாவது கண்ணாடியில் பூசிய ரத்தத்தை, கண்ணால் பார்க்காமல் நம்பக்கூடாது.

அடுத்தது ஐஎஸ்டிஎச் என்னும் சர்வதேச ரத்த உறைவு ஆய்வு அமைப்பின் டிஐசி (உடலெங்கும் ரத்தம் தாறுமாறாக உறைந்து, உறைபொருள் தீர்ந்துபோகும் நிலை) ஸ்கோர். பிளேட்லெட் 50,000க்குக் கீழ் என்றால் 2, ஒரு லட்சத்துக்குக் கீழ் என்றால் 1. டி-டைமர் (ரத்தக்கட்டி கரைவதைக் காட்டும் துணுக்கு) மிதமாக ஏறினால் 2, வெகுவாக ஏறினால் 3. பிடி (ரத்தம் உறைய ஆகும் நேரம்) 3 முதல் 6 விநாடி நீண்டால் 1, அதற்கு மேல் 2. ஃபைப்ரினோஜென் (உறைதலுக்கான புரதம்) டெசிலிட்டருக்கு 100 மி.கி.க்குக் கீழ் என்றால் 1. கூட்டுத்தொகை 5 அல்லது அதற்கு மேல் வந்தால் டிஐசி. 'மிதம்', 'வெகு' என்பதற்கு எல்லையை அந்தந்த லேப்தான் வகுக்க வேண்டும். போதாக்குறைக்கு, டி-டைமருக்கு இரண்டு அலகுகள்: எஃப்இயூ அலகில் வரும் எண் டிடியூ அலகைவிடச் சுமார் இரு மடங்கு.

மூன்றாவதான சான்ஸ் ஸ்கோர் (2000; வெள்ளணு, பிளேட்லெட் எண்ணிக்கைகளை வைத்துப் போடுவது) நோய் திரும்புவதைக் கணிக்கப் பிறந்தது. முதல் மாதத்தில் இறந்தவர் அந்தக் கணக்கில் வரவே மாட்டார். அதில் நமக்குப் பயன்படுவது வெள்ளணு 10,000 என்ற கோடு மட்டும்.

அந்த வெள்ளணுவே மற்றவற்றை முந்துகிறது. 2017இல் 'பிளட்' இதழில் வந்த அலசலும் அதையே முதன்மைக் காரணியாகக் கண்டது. புற்றணுக்கள்தான் உறைதலைத் தூண்டும் திசுக்காரணியையும் கரைதலைத் தூண்டும் அனெக்சின்-2ஐயும் சுமக்கின்றன. அணுச்சுமை கூடினால் உறைதலும் ரத்தக்கட்டி கரைதலும் சேர்ந்தே தறிகெடும். பிடி பரிசோதனையில் இந்தக் கரைதல் தெரியாது. பிளேட்லெட் 18,000, டி-டைமர் வெகு அதிகம், பிடி 2 விநாடி நீட்சி, ஃபைப்ரினோஜென் 160 என்று இருவர் வந்தால் இருவருக்கும் டிஐசி ஸ்கோர் 5தான். ஒருவருக்கு வெள்ளணு 3,000, மற்றவருக்கு 45,000 என்றால் நாம் அஞ்ச வேண்டியது இரண்டாமவருக்காக.

ஆனால் எதை ஏற்ற வேண்டும் என்று வெள்ளணு சொல்லாது. அதற்கு டிஐசி ஸ்கோரின் உறுப்புகளே வழி: பிளேட்லெட் 30,000–50,000க்கு மேலும், ஃபைப்ரினோஜென் 100–150க்கு மேலும் நிற்கும்படி பிளேட்லெட்டும் கிரையோவும் (ஃபைப்ரினோஜென் செறிந்த ரத்தப் பொருள்), பிடி நீண்டால் பிளாஸ்மாவும். ஸ்கோர் எதுவானாலும், மரபணு முடிவுக்குக் காத்திராமல் சந்தேகம் வந்ததுமே அட்ரா என்னும் ஏபிஎல் மருந்தைத் தொடங்க வேண்டும். வெள்ளணு அதிகம் என்று லூக்காஃபெரிசிஸ் (மெஷின் மூலம் வெள்ளணுவைப் பிரித்தெடுத்தல்) செய்தால் கசிவு மோசமாகலாம்.

அட்ரா தொடங்கியபின் வெள்ளணு ஏறுவது வழக்கம் என்பதால், முதல் நாள் 4,000 இருந்தவரையும் தினமும் எண்ண வேண்டும். 10,000ஐத் தாண்டினால் ஹைட்ராக்ஸியூரியா போன்ற குறைப்பு மருந்து தேவைப்படும்.