ஃபோன்டென்ப்ளோ அரண்மனை, முதலாம் பிரான்சுவா கூடம்: ஓவியத்தைவிட அதன் சட்டம் அழகு

பாரிஸிலிருந்து ரயிலில் நாற்பது நிமிடம், அப்புறம் பஸ். வழி அவ்வளவுதான். அரண்மனைக்குள் அறைகள் ஏராளம், ஆனால் எனக்கு மொத்தப் பயணத்துக்கும் பொருள் சொன்னது இந்த ஒரு கூடம். நீளம் சுமார் அறுபது மீட்டர், அகலம் ஆறுதான் இருக்கும். 16ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவாவின் அறையிலிருந்து தேவாலயத்துக்குப் போகும் நடைபாதை. இதன் சாவியை மன்னரே வைத்திருந்தாராம், விருந்தினருக்குத் தானே திறந்து காட்டுவாராம். உள்ளே நுழைந்தால் ஏன் என்று புரியும்.

1530களில் இத்தாலியிலிருந்து வரவழைக்கப்பட்ட ஓவியர் ரோஸ்ஸோ ஃபியோரெண்டினோ தலைமையில் நடந்த வேலை. கீழே பாதிச் சுவர் வரை வால்நட் மரப் பலகை, அதற்கு மேலே ஓவியங்கள், அவற்றைச் சுற்றிலும் சுதை வேலை. எல்லோரும் ஓவியங்களைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள். நியாயம்தான், பிரெஞ்சு அரசகுல அல்லிப்பூச் சின்னம் போர்த்திய அந்த யானை ஓவியத்தின் முன்னால் நானும் நின்றேன். ஆனால் பல ஓவியங்கள் பிற்காலத்தில் மேல்பூச்சு வாங்கி, பிறகு 1960களில் சீரமைக்கப்பட்டவை. ஃபோன்டென்ப்ளோ நிம்ஃப் (நீர்த்தேவதை) என்ற ஓவியமோ பழைய அச்சுப்படத்தைப் பார்த்து 19ஆம் நூற்றாண்டில் தீட்டியது. கதைகளும் கையேடு இல்லாமல் எளிதில் பிடிபடாது.

சுதைக்கு எந்த விளக்கமும் வேண்டாம். ஆளுயரப் பெண்களும் இளைஞர்களும் சுவரை விட்டு ஏறக்குறைய முழு உருவமாக வெளியே வருகிறார்கள், பக்கத்தில் பழக்கொத்துகள், குழந்தைகள், ஆட்டுத்தலைகள். ஓவியங்களுக்கு மேலே நெருப்பில் கிடக்கும் சாலமாண்டர் என்ற பல்லி போன்ற உயிரி, அதுதான் மன்னரின் சின்னம். எனக்கு ரொம்பப் பிடித்தது விளிம்புகள்: தோலைக் கத்தரித்துச் சுருட்டி விட்டதுபோல முனைகள் மடிந்து, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து வெளியே வருகின்றன. கிட்டப் போய் அந்த மடிப்பின் உட்பக்க நிழலைப் பாருங்கள், சுண்ணமும் பளிங்குத்தூளும் என்று நம்பவே முடியாது. இந்த பாணிதான் அச்சுப்படங்கள் வழியாக ஐரோப்பா முழுக்கப் பரவியது.

குறை ஒன்று உண்டு, வெளிச்சம். முதலில் இரண்டு பக்கமும் ஜன்னல் இருந்தது. பதினாறாம் லூயி காலத்தில் வடபக்கம் ஒட்டிக் கட்டியதால் அந்தப் பக்கம் அடைபட்டுப்போனது. இப்போது ஜன்னல்களுக்கு நடுவே இருக்கும் தெற்குச் சுவர் கண்ணைக் கூசும் வெளிச்சத்துக்கு எதிரே மங்கித் தெரிகிறது. மேகமூட்டமான நாள் கிடைத்தால் விடாதீர்கள், இரண்டு பக்கச் சுவர்களும் ஓரளவு சமமாகத் தெரியும். செவ்வாய்க்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், அன்று அரண்மனை மூடியிருக்கும்.